ஹெட், பிளாக் முகத்தை டிஸ்க் போட்டுத் தேய்க்கலாமா? ஜிப்சி என்ஜின் திறந்து கிடக்கிறது (கோத்தகிரி)

கோத்தகிரி_ஜிப்சி

எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 2003 மாடல் ஜிப்சி கிங், பதினாறு வால்வு, 1298 சி.சி. பெட்ரோல். மூன்று வாரத்துக்கு முன் மேட்டுப்பாளையத்திலிருந்து உரமூட்டை ஏற்றிக்கொண்டு வரும்போது குஞ்சப்பனை தாண்டியதும் சூட்டு முள் மேலே போய்விட்டது. அங்கேயே ஓரங்கட்டியிருக்க வேண்டும். மழை, இருட்டு, பின்னால் பஸ் வேறு, அரவேணு வரை போய்விடலாம் என்று ஓட்டிவிட்டேன். மறுநாள் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் பால் காப்பி நிறம், ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது.

என்ஜினின் மேல்மூடியான ஹெட்டை, சிலிண்டர்கள் உள்ள பிளாக்கிலிருந்து இறக்கியாயிற்று. இரண்டு முகத்துக்கும் இடையே கசியாமல் அடைக்கும் கேஸ்கெட், இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவே எரிந்து போயிருக்கிறது. வண்டி ஏற்கெனவே ஆயில் குடித்துக்கொண்டிருந்ததால் பிஸ்டனையும் வெளியே எடுத்து ரிங் மாற்றிவிடுவது என்று முடிவு. பழைய கேஸ்கெட் இரண்டு பக்கமும் கரித்துண்டு மாதிரி ஒட்டிக்கிடக்கிறது. வேலை பார்ப்பவர் நல்ல கைக்காரர், எங்கள் பக்கத்து எஸ்டேட் ஜீப்புகளில் பாதி அவர் கை பட்டவைதான். காற்றில் சுற்றும் சின்ன கிரைண்டரில், தேய்ப்புப் பொடி ஏற்றிய நார் டிஸ்க் மாட்டி, "பத்து நிமிஷத்துல கண்ணாடி மாதிரி ஆக்கிடறேன்" என்கிறார். பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்க் இன்னும் பிளாக்கில்தான் இருக்கிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று அவருக்கு எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. நாளை மதியம் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேரட்_லோடு

தம்பி, அந்த டிஸ்க்கைப் பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள். கிராங்க் உள்ளே இருக்கும்போது வேண்டவே வேண்டாம்.

நான் கேத்தியிலிருந்து கேரட், பீட்ரூட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஓட்டுகிறவன். நாலு வருடத்துக்கு முன்னால் என் வண்டிக்கு முழு என்ஜின் வேலை பார்த்தேன், கீழே சமவெளியில் ஒரு பட்டறையில், பெயர் வேண்டாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இதே நார் டிஸ்க்கைத்தான் பிளாக் மேல் ஓட்டினார்கள். பளபளவென்று ஆனதும் எனக்கும் சந்தோஷம். மேலே காற்று அடித்தார்கள், ஒரு துணியால் துடைத்தார்கள், பிஸ்டனை இறக்கிவிட்டார்கள்.

மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. பர்லியார் தாண்டி ஏறும்போது ஆயில் விளக்கு மினுக்கியது, அப்புறம் அடியில் டொக் டொக். அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, கிராங்க் உட்கார்ந்து சுற்றும் பேரிங்கைப் பார்த்தால், வழவழவென்று சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டியது முழுக்கக் கோடு கோடாக இருந்தது. நகம் வைத்துத் தடவினால் நறநற என்றது. கிராங்கிலும் கோடு. அந்தப் பட்டறையில் கேட்டதற்கு ஆயில் சரியில்லை என்றார்கள், நானும் நம்பிவிட்டேன். கிராங்க் கடைசலுக்குக் கொடுத்த இடத்தில் ஒரு பெரியவர் பேரிங்கை லென்ஸ் வைத்துக் காட்டினார். வெள்ளைவெள்ளையாகப் பொடி, பேரிங் உலோகத்துக்குள் பதிந்து உட்கார்ந்திருந்தது. "இது ஆயில்ல வந்தது இல்ல தம்பி, டிஸ்க்ல வந்தது" என்றார். ஒரே வருடத்தில் இரண்டு என்ஜின் வேலைக்குக் காசு கொடுத்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

பத்மினி_கொடை

மன்னிக்கணும், எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. நான் கொடைக்கானல். 1989 மாடல் பத்மினி கார், இன்றும் வத்தலகுண்டு இறங்கி ஏறுகிறது. என் அப்பா காலத்திலிருந்து ஹெட்டை இறக்கினால் தடிமனான கண்ணாடிப் பலகை மேல் உப்புத்தாளை விரித்து, மண்ணெண்ணெய் விட்டு, ஹெட்டை எட்டு போடுகிற மாதிரி தேய்த்துத்தான் மாட்டுகிறோம். மூன்று முறை செய்தாயிற்று, பேரிங் எதுவும் போகவில்லை. உப்புத்தாளில் இருப்பதும் அதே மாதிரிப் பொடிதானே? டிஸ்க் மட்டும் எப்படி எமனாகும்? பட்டறையில் ஒருவர் கவனமில்லாமல் செய்ததற்குக் கருவியைக் குற்றம் சொல்வது சரியா?

லேத்_குன்னூர்

கொடைக்கானல் சார் கேட்டது நியாயமான கேள்வி. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு ஜிப்சிக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் என்ஜின் போரிங் பட்டறையில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது குன்னூரில் சொந்தமாக வைத்திருக்கிறேன். ஹெட் முகத்தை மெஷினில் சீவி மட்டமாக்கும் ஃபேசிங்தான் தினசரிச் சோறு.

பொடி ஒன்றுதான் சார். அந்த நார் டிஸ்க்கில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு, பல உப்புத்தாள்களில் இருப்பதும் அதுவே. கடினத்தில் வைரம் பத்து என்றால் இது ஒன்பது. அதற்கு முன்னால் கிராங்க் இரும்பே மெத்தென்றுதான், பேரிங்கைச் சொல்லவே வேண்டாம். நீங்கள் தேய்த்தது தனியாகக் கழற்றிய ஹெட்டை. தேய்த்த பிறகு மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவியிருப்பீர்கள், அதனால் தப்பித்தீர்கள். இவர் விஷயம் வேறு. பிளாக் கிராங்கோடு கிடக்கிறது. டிஸ்க் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும்போது அதன் நாரே தேய்ந்து உதிர்கிறது, பொடி நாலாபக்கமும் பறக்கிறது. ஆயில் ஓட்டை, தண்ணீர் ஓட்டை, சிலிண்டர் வழியாக கிராங்க் மேலே என்று எல்லா இடத்துக்கும் போகும். துணியை அடைத்தாலும் துணி ஓரத்தில் தங்கி, துணியை உருவும்போது உள்ளே விழும்.

பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே ஆயில் நிற்கிற இடைவெளி சாதாரணமாக 0.02லிருந்து 0.05 மி.மீ. வரைதான். தலைமுடிகூட அதைவிடத் தடிமன். ஃபில்டர் பிடித்துவிடாதா என்று கேட்பார்கள். மிக நுணுக்கமான பொடியில் ஒரு பகுதி ஃபில்டரையே தாண்டிவிடும். அதோடு நம் ஊர் ஜனவரிக் காலையை நினைத்துப் பாருங்கள். உறைபனியில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் ஃபில்டரில் பைபாஸ் வால்வு திறந்துகொண்டு வடிகட்டாத ஆயிலே நேராக பேரிங்குக்குப் போகும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் டீலர் பட்டறைகளுக்கே இந்த டிஸ்க்குகளை என்ஜின் முகத்தில் போடாதீர்கள், பேரிங் போய்விடும் என்று எழுத்தில் எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. ஆகவே இது ஒரு பட்டறையின் கவனக்குறைவோடு முடிகிற விஷயம் இல்லை.

இரண்டாவது காரணம் இந்த ஜிப்சிக்கே உரியது. இதன் பிளாக்கும் அலுமினியம், உள்ளே சிலிண்டருக்கு வார்ப்பிரும்புக் குழாய், அதுதான் லைனர். மேலிருந்து பார்த்தால் அலுமினியத் தரையில் நாலு இரும்பு வளையம். டிஸ்க் மெத்தென்ற அலுமினியத்தை வேகமாகத் தின்னும், இரும்பை அவ்வளவாகத் தொடாது. கரி கெட்டியாக ஒட்டிய இடத்தில் கை கொஞ்சம் அதிக நேரம் நிற்கும், அங்கே கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். கண்ணாடி மாதிரி பளபளக்கும், அதே சமயம் அலை அலையாகவும் இருக்கும். பளபளப்பு வேறு, மட்டம் வேறு. கேஸ்கெட்டுக்கு வேண்டியது மட்டம்.

சரி, என்ன செய்யலாம்? ரிங் மாற்றப் போகிறீர்கள், லைனர் உட்சுவரைக் கல்லால் லேசாகத் தேய்க்கும் ஹோனிங் போடாமல் புது ரிங் உட்காராது, ஹோனிங் கல்லும் பொடி விடும். ஆகவே கிராங்கை இறக்கிவிடுங்கள். அரை நாள் வேலை கூடும், ஆனால் பிளாக்கை முழுசாகக் கழுவ முடியும். இதை வேலைக்காரரிடம் முதலில் சொல்லுங்கள்.

கேஸ்கெட்டை எடுக்க, கேஸ்கெட் ரிமூவர் ஸ்பிரே கிடைத்தால் அதை அடித்து ஊறவிடுங்கள். கிடைக்காவிட்டால் தின்னரில் நனைத்த துணியை மேலே போட்டு பாலித்தீன் மூடி ஒரு மணி நேரம் வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. அப்புறம் கெட்டி பிளாஸ்டிக் சுரண்டி, அல்லது தேக்குச் சில்லை உளி மாதிரி சீவிக்கொண்டு தள்ளுங்கள். பிளேடு வைப்பதானால் படுக்கவைத்து, மூலை குத்தாமல். அலுமினியத்தில் பிளேடு மூலை கீறிய ஒரு கோடு சிலிண்டரிலிருந்து தண்ணீர் ஓட்டை வரை ஓடினால் அந்தக் கோடே கசிவுக்கு வாய்க்கால். பொறுமையாக ஊறவைத்து, எடுத்து, மறுபடி ஊறவைத்து என்று இரண்டு மூன்று தடவை போக வேண்டும். ஒருபோதும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போடாதீர்கள். இரும்பு பிளாக்குக்கு அது சரி, அலுமினியத்தை அது பொங்கிப் பொங்கித் தின்றுவிடும்.

சுத்தமானதும், துல்லியமாக நேரான எஃகுக் கோலான ஸ்ட்ரெய்ட் எட்ஜை மேலே வைத்து, அடியில் எந்தத் தடிமன் தகடு நுழைகிறது என்று ஃபீலர் கேஜால் ஆறு கோட்டில் பாருங்கள். நீளவாக்கில் இரண்டு ஓரம், அகலவாக்கில் இரண்டு முனை, அப்புறம் குறுக்கே இரண்டு மூலைவிட்டம். ஹெட், பிளாக் இரண்டுக்கும். அளவை இங்கே போடுங்கள், மேற்கொண்டு பேசலாம். தச்சு வேலை மட்டக்கோல் வைத்துப் பார்ப்பது கணக்கில் வராது.

கோத்தகிரி_ஜிப்சி

ரொம்ப நன்றி அண்ணா. நீங்கள் எழுதியதை அப்படியே வேலைக்காரரிடம் படித்துக் காட்டினேன். கேரட் அண்ணன் பேரிங் கதையைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "போன வருஷம் ஒரு ஜீப் சீக்கிரமே சத்தம் போட்டு வந்துச்சு, ஏன்னு தெரியாமலே இருந்தேன்" என்றார். டிஸ்க்கை உள்ளே வைத்துவிட்டார். கிராங்கை இறக்குகிறோம்.

லேத்_குன்னூர்

நல்லது. கிராங்க் பேரிங்குகளைப் பிடிக்கும் மூடிகளான மெயின் கேப், ராட் கேப் எல்லாவற்றிலும் எண், திசை குறித்துக்கொண்டு கழற்றச் சொல்லுங்கள், ஒன்றோடு ஒன்று மாறக்கூடாது.

வெலிங்டன்_தரம்

நான் கோவையில் பம்ப் தயாரிக்கும் ஓரிடத்தில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன், ஊர் வெலிங்டன். லேத் அண்ணன் மட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் சொரசொரப்பைச் சொல்கிறேன். இரண்டையும் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு முகம் முழுவதும் மட்டமாக இருந்தாலும், அதில் வெட்டுக்கருவி விட்டுப்போன சின்னச் சின்ன வரப்பும் பள்ளமும் இருக்கும், உழுத நிலம் மாதிரி. அதன் சராசரி உயரத்தை மைக்ரானில் அளப்போம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாரும் கிராஃபைட்டும் சேர்ந்த பழைய வகை கேஸ்கெட் கொஞ்சம் சொரசொரப்பைக் கேட்கும், சுமார் 1.5 முதல் 2.5 மைக்ரான் வரை. அந்த வரப்பு கேஸ்கெட்டைக் கடித்துப் பிடிக்கும், நகரவிடாது. இப்போது வருகிற பல அடுக்கு எஃகுத் தகடு கேஸ்கெட் அப்படி இல்லை. தகடு மேல் மெல்லிய ரப்பர் பூச்சு மட்டும்தான் பள்ளத்தை அடைக்கிறது. அதற்குப் பொதுவாக 0.75 மைக்ரானோ அதற்குக் கீழேயோ கேட்பார்கள்.

ஆகவே முதலில் புது கேஸ்கெட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அது எந்த வகை என்று பார்த்து, அப்புறம் ஹெட்டை ஃபேசிங் கொடுங்கள். ஃபேசிங் முடித்துவிட்டுக் கடையில் இருக்கிற கேஸ்கெட்டை வாங்கி வருவதுதான் இங்கே வழக்கமாக நடக்கிறது. பட்டறையில் அளவுக் கருவி இல்லாவிட்டாலும் மாதிரித் தகடு கிடைக்கும், அதை நகத்தால் தடவி, ஹெட்டைத் தடவி ஒப்பிடலாம். பழகிய விரல் ஓரளவு சரியாகவே சொல்லும்.

பத்மினி_கொடை

அக்கா, அப்படியானால் என் பத்மினிக்கு நான் போடுவது கிராஃபைட் வகைதான், உப்புத்தாள் சொரசொரப்பு அதற்குப் போதுமே? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். எனக்கு சுமார் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கேஸ்கெட் போகிறது. மலை வண்டிக்கு இது சகஜம் என்று விட்டுவிட்டேன். சகஜம்தானா?

வெலிங்டன்_தரம்

சகஜம் இல்லை சார். உங்கள் வண்டியில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். 40 செ.மீ. நீளமுள்ள ஹெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் அலுமினியம் சுமார் 0.7 மி.மீ. நீளப் பார்க்கும், இரும்பு சுமார் 0.35. போல்ட் இறுக்கிப் பிடித்திருப்பதால் அவ்வளவும் அப்படியே நகராது, ஆனாலும் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் ஹெட் கேஸ்கெட் மேல் உரசி இழுத்துக்கொண்டே இருக்கும். வத்தலகுண்டு இறங்கி ஏறினால் ஒரு நாளில் எத்தனை சூடு, எத்தனை ஆறல்! முகம் ஒரே சீராக இல்லாவிட்டால், எங்கே அழுத்தம் குறைவோ அங்கே இந்த உரசலில் கேஸ்கெட் முதலில் சாகும்.

கண்ணாடிப் பலகையில் கையால் தேய்க்கும்போது நம்மை அறியாமல் ஓரங்களில் அழுத்தம் அதிகம் விழும். ஓரம் தேய்ந்து நடு மேடாகும். தள்ளும்போது ஹெட் லேசாக ஆடுவதால் முனைகள் உருண்டுபோகும். போன கேஸ்கெட்டைத் தூக்கிப் போட்டிருக்கிறீர்களா, வைத்திருக்கிறீர்களா? எந்தச் சிலிண்டர் பக்கம் எரிந்தது என்று பாருங்கள்.

பத்மினி_கொடை

இரண்டு பழைய கேஸ்கெட் கிடைத்தன. இரண்டிலும் ஒன்றாவது சிலிண்டர் முனையில், ஒரே இடத்தில்தான் கறுத்திருக்கிறது. ஸ்ட்ரெய்ட் எட்ஜ் கடன் வாங்கி அடுத்த முறை பார்க்கிறேன். இத்தனை நாள் இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

கோத்தகிரி_ஜிப்சி

அளவு எடுத்தாயிற்று. தின்னர், தேக்குச் சில்லு, இரண்டு முழு நாள். பிளாக்கில் எங்கே பார்த்தாலும் 0.03 தகடு நுழைகிறது, 0.04 நுழையவில்லை. ஹெட்டில் மூலைவிட்டம் ஒன்றில், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, 0.12 நுழைகிறது. மற்ற கோடுகளில் 0.06, 0.07.

லேத்_குன்னூர்

பெரும்பாலான கார் கையேடுகள் ஹெட்டுக்குச் சொல்லும் எல்லை 0.05 மி.மீ. ஆகவே ஹெட்டுக்கு ஃபேசிங் கட்டாயம். பிளாக்கைத் தொடவே தொடாதீர்கள், சுத்தம் செய்ததோடு விடுங்கள். நல்ல முகத்தை வெட்டுவது வீண்.

ஹெட்டை வெட்டுவதற்கு முன் இரண்டு சோதனை. ஒன்று, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்டை, அது தள்ளும் ராக்கர் கைகள் இல்லாமல் எண்ணெய் தடவி உள்ளே விட்டுக் கையால் சுற்றுங்கள். ஹெட் அடியில் வளைந்திருந்தால் மேலே கேம் உட்காரும் வரிசையும் வளைந்திருக்கலாம். அடியை மட்டும் சீவினால் அடி நேராகும், மேல் வளைவு அப்படியே இருக்கும். கேம் தடையில்லாமல் சுற்றினால் சரி. ஓரிடத்தில் பிடித்தால் சொல்லுங்கள், அது வேறு வேலை. இரண்டாவது, பிரஷர் டெஸ்ட். தண்ணீர் ஓட்டைகளைத் தகடு போட்டு அடைத்து, வெந்நீரில் முக்கி உள்ளே காற்று கொடுப்போம். வெடிப்பு இருந்தால் குமிழி காட்டும். சூடாக்கிய ஹெட்டில் வால்வு சீட்டுகளுக்கு நடுவேதான் முதலில் வெடிக்கும். வெடித்த ஹெட்டுக்கு ஃபேசிங் காசு கொடுக்காதீர்கள்.

இரண்டும் தேறினால் மில்லிங்கில் 0.05, 0.05 ஆக எடுப்பேன். அலுமினியத்துக்குச் சாணைக்கல் சரிவராது, கல்லில் அலுமினியம் அப்பிக்கொண்டு முகத்தைக் கிழிக்கும். முகம் முழுவதும் வெட்டு பட்டதும் நிறுத்திவிட வேண்டும், அழகுக்காக இன்னொரு வெட்டு கூடாது. உங்களுக்கு 0.15 அளவில் முடியும் என்று நினைக்கிறேன். 74 மி.மீ. சிலிண்டர் விட்டத்தில் அதனால் எரியறை கொள்ளளவு ஒரு சிலிண்டருக்கு ஒரு சி.சி.க்கும் குறைவாகத்தான் குறையும், பெட்ரோல் என்ஜினில் அதைத் தாங்கலாம். டீசலாக இருந்தால் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இடமே சொற்பம், வெட்டிய அளவுக்குத் தடிமனான கேஸ்கெட் தேட வேண்டிவரும். ஈர லைனர், அதாவது தண்ணீர் நேராகத் தொடும் லைனர், உள்ள லாரி என்ஜின்களில் இன்னொன்று, லைனர் பிளாக் முகத்தைவிட மயிரிழை மேலே நிற்க வேண்டும், அதை அளக்காமல் ஹெட்டை மட்டும் சீவி மாட்டினால் திரும்ப வரும்.

ஊட்டி_டாக்ஸி

எல்லோரும் ஹெட்டையே பேசுகிறீர்கள், அது ஏன் சூடானது என்று யாராவது கேட்டீர்களா? தம்பி, ரேடியேட்டர் மூடியை மாற்றினீர்களா? ஊட்டி 2240 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாவது அதனால்தான். கோத்தகிரியில் அதைவிடக் கொஞ்சம் அதிகச் சூட்டில். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும்வரை 110ஐத் தாண்டினாலும் கொதிக்காது. மூடியின் ரப்பர் போய்விட்டால் அந்த அழுத்தம் இல்லை. ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் 80 சொச்சத்தில் திறக்கிறது, கொதிப்பு 93இல் என்றால் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது? மேட்டுப்பாளையத்தில் ஒன்றும் தெரியாது, ஏற ஏறத்தான் காட்டும். கூலண்ட்டும் ஊற்றுங்கள். வெறும் ஓடைத் தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் அலுமினிய ஹெட்டில் தண்ணீர் ஓட்டையைச் சுற்றி அரித்துப்போகிறது.

கோத்தகிரி_ஜிப்சி

அண்ணா, இப்போதுதான் மூடியைப் போய்ப் பார்த்தேன். ரப்பர் வளையம் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. விரலால் தொட்டதும் ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது.

கேம் கையில் சுலபமாகச் சுற்றுகிறது. நாளை ஹெட்டைக் குன்னூர் எடுத்து வருகிறேன். கேஸ்கெட் தகடு வகை, கையோடு கொண்டு வருகிறேன்.

கேரட்_லோடு

போல்ட் ஓட்டையை மறந்துவிடாதீர்கள். பிளாக்கில் ஹெட் போல்ட் இறங்கும் ஓட்டைகளில் அடியில் தண்ணீரோ ஆயிலோ தங்கியிருந்தால், போல்ட்டை இறுக்கும்போது அது போக வழியில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். அதற்குப் புது டேப்பை விட்டு மரையைத் திரும்ப வெட்டாதீர்கள், அலுமினியத்தில் மரை மெலிந்துவிடும். பழைய ஹெட் போல்ட் ஒன்றில் நீளவாக்கில் ஆக்ஸா பிளேடால் இரண்டு காடி அறுத்து, அதைக் கையால் விட்டு விட்டு எடுங்கள், அழுக்கு காடியில் ஏறி வந்துவிடும். அப்புறம் காற்று. கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள், கண்ணில் தெறிக்கும்.

வெலிங்டன்_தரம்

கேரட் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டார்க் ரெஞ்சில் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் உரசலிலேயே போய்விடுகிறது. மீதி ஒரு பங்குதான் ஹெட்டை அழுத்துகிறது. மரை அழுக்காக இருந்தால் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டும், அழுத்தம் பாதிகூட இருக்காது. ஒரு போல்ட்டுக்கு எண்ணெய் தடவி இன்னொன்றை உலர்வாக விட்டாலும் இரண்டுக்கும் அழுத்தம் வேறு வேறு. கையேடு எண்ணெய் என்றால் எல்லாவற்றுக்கும் எண்ணெய், உலர்வு என்றால் எல்லாம் உலர்வு.

கோத்தகிரி_ஜிப்சி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பிரஷர் டெஸ்டில் வெடிப்பு இல்லை. லேத் அண்ணன் 0.15 எடுத்தார், கையோடு அளந்து காட்டினார், 0.02கூட நுழையவில்லை.

பிளாக் கழுவியதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும். ஹோனிங் முடிந்ததும் வேலைக்காரர் வழக்கம்போல் பெட்ரோலில் துடைத்தார். வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுத்தால் சாம்பல் நிறம். மறுபடி பெட்ரோல், மறுபடி சாம்பல். பெட்ரோல் எண்ணெயைக் கரைக்கிறதே தவிரப் பொடியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. வீட்டு வெந்நீர் அண்டாவில் தண்ணீர் காய்ச்சி, சோப்புத்தூள் கலக்கி, பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் நாலு சிலிண்டரையும் தேய்த்தோம். ஆயில் வழியின் அடைப்பான்களைக் கழற்றி நீள பிரஷ்ஷை விட்டோம். முதல் தண்ணீர் கறுப்பாக வந்தது. நாலாவது தண்ணீருக்குப் பிறகுதான் துணி வெள்ளையாகவே வந்தது. துடைக்க பனியன் வேஸ்ட் எடுக்க விடவில்லை, நூல் பிரிந்து உள்ளே தங்கும் என்று அம்மாவின் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துக்கொண்டோம்.

அன்று பார்த்து மஞ்சு இறங்கிவிட்டது. ஐப்பசி மாதம், பட்டறைக் கதவு திறந்தே கிடந்தது. காற்று அடித்துக் காயவைத்து, டீ குடித்துவிட்டு வருவதற்குள் மூன்றாவது லைனரில் இளஞ்சிவப்பாகத் துரு பூத்துவிட்டது! பதறிப்போய் லேத் அண்ணனுக்கு போன் போட்டேன். நார் இல்லாத துணியில் ஆயில் தொட்டு அழுத்தித் துடை, போய்விடும், போகாவிட்டால் திரும்ப ஹோனிங் என்றார். நல்லவேளை துடைத்ததிலேயே போய்விட்டது. மலையில் இருப்பவர்கள் ஆயில் கேனைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கழுவ வேண்டும், காய்ந்த கையோடு ஆயில் தடவிவிட வேண்டும்.

மாட்டும்போது இரண்டு முகத்தையும் தின்னர் தொட்ட துணியால் கடைசியாக ஒருமுறை துடைத்தோம், விரல் படவில்லை. கேஸ்கெட்டுக்குப் பசை எதுவும் தடவவில்லை. நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி மூன்று தவணையாக இறுக்கினோம்.

நாற்பது கிலோமீட்டரில் முதல் ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்து, தாளை வெயிலில் விரித்துப் பார்த்தோம். மெல்லிய சாம்பல் பூச்சு, அவ்வளவுதான், கையில் நறநற இல்லை. ஐந்நூறில் இன்னொரு முறை மாற்றப் போகிறோம். நேற்று அதே குஞ்சப்பனை ஏற்றம், பத்து மூட்டை. முள் பாதியைத் தாண்டவில்லை.

கேரட்_லோடு

அந்த ஃபில்டர் தாளைப் படம் எடுத்துப் போடுங்கள் தம்பி. ஐந்நூறில் அறுக்கும்போது அதையும் போடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பத்மினி_கொடை

நானும் ஹெட்டை இறக்கிவிட்டேன். ஒன்றாவது சிலிண்டர் முனையில் 0.14 நுழைகிறது, அக்கா சொன்ன அதே ஓரம். திண்டுக்கல்லில் ஃபேசிங் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அங்கே என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

லேத்_குன்னூர்

முதலில் பிரஷர் டெஸ்ட் என்று சொல்லுங்கள் சார். அப்புறம் மில்லிங், சாணை வேண்டாம். எவ்வளவு எடுத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள், முன்பு கையால் தேய்த்த மூன்று முறையும் ஏற்கெனவே கொஞ்சம் போயிருக்கும். வெட்டுவதற்கு முன் ஹெட் மொத்த உயரத்தை நாலு மூலையிலும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட்டையும் கூடவே எடுத்துப் போங்கள்.

பத்மினி_கொடை

சரிங்க. திங்கட்கிழமை இறங்குகிறேன்.